பழைய ஹெர்குலிஸ் பிரேமுக்கு மறுபடி பெயின்ட் அடித்த அனுபவம்

அப்பா ஓட்டிய ஹெர்குலிஸ் சைக்கிளின் பிரேமை எங்கள் பகுதிப் பொதுப் பட்டறையில் வைத்துச் சுரண்டி, மறுபடி பெயின்ட் அடித்த முறையை, அதே வேலையில் இறங்க இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பெயின்ட் ரிமூவரைத் தடிப்பாகப் பூசி, பாலித்தீன் தாளால் மூடிச் சிறிது நேரம் விட்டால், பழைய பூச்சு சுருங்கிக் கொப்பளித்துவிடும். பிறகு பட்டி பிளேடால் வழித்தெடுக்கலாம். குழாய்கள் எளிது. பொறுமையைக் கேட்பவை, குழாய்கள் சேருமிடத்தில் அவற்றை இணைக்கும் உலோக உறைகளான லக்குகளின் ஓரங்கள்தாம். அங்கே கம்பி பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்தபோது, கறுப்புப் பூச்சுக்கு அடியிலிருந்து, பற்றவைத்த பித்தளை மயிரிழை போன்ற பொன்னிறக் கோடாகத் தெரிந்தது. அதன் மீது அரமோ கிரைண்டரோ படவே கூடாது. பிரேமின் வலு அந்த இணைப்பில்தான் இருக்கிறது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், ரிமூவரை நன்றாகக் கழுவிவிட்டு, மிச்சத்தை 120 எண் வாட்டர் பேப்பரால் ஈரமாகவே தேய்த்தேன். கையுறை, முகமூடி, காற்றோட்டம் மூன்றும் கட்டாயம்.

கடலோர ஊர்களில் வெற்று இரும்பு சில மணி நேரத்திலேயே துருவேறத் தொடங்கும். ஆகவே பிரேமை உலர்த்தி, தின்னர் தோய்த்த துணியால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, பெடல் அச்சு நுழையும் மரைகளை மாஸ்கிங் டேப்பால் மறைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். அதை 400 எண் தாளால் சமன்செய்த பின், பிரேமைக் கொக்கியில் தலைகீழாக மாட்டி, பச்சை எனாமலை மெல்லிய பூச்சுகளாக அடித்தேன். தடித்த பூச்சு குழாயின் அடிப்பக்கத்தில் வழிந்து நின்றுவிடும். தொட்டால் ஒட்டாத நிலை விரைவில் வந்தாலும், எனாமல் முழுதாக இறுகப் பல நாட்களாகும். அதற்குள் கிளாம்புகளை முறுக்கினால் பூச்சு நசுங்கிப் பெயர்ந்துவிடும்.