துணி காயும் இடத்திலிருந்து தொடங்குங்கள்: குமரி மாவட்ட வீட்டுக்கு வாஷிங் மெஷினும் டிரையரும் வாங்கும் முறை

எங்கள் வீடு தக்கலைக்குப் பக்கம். ஆனி பிறந்தால் சாரல் தொடங்கும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் இது. பிள்ளைகளின் யூனிஃபார்ம் மூன்று நாள் கொடியில் கிடந்தும் ஈரம் போகாது. இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் ஒரு வாடை கிளம்பும். முதல் மெஷின் வாங்கும்போது எப்படி வெளுக்கும் என்று கேட்டோம், எவ்வளவு பிழியும் என்று கேட்கவில்லை. ஐந்து மழைக்காலம் அதனால் கஷ்டப்பட்டோம். நீங்கள் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: எங்கே காயப்போடுகிறீர்கள்?

மொட்டை மாடியில் ஷீட் போட்டிருக்கிறதா, காற்று இரண்டு பக்கமும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கணவாய்க் காற்றே போதும்; கிளிப் மட்டும் நல்லதாக வாங்குங்கள். குலசேகரம், அருமனை மாதிரி ரப்பர் மரங்களுக்கு நடுவில் வீடு என்றால் கதை வேறு. வெயிலும் குறைவு, காற்றிலும் ஈரம்.

படி 2: துணியை எடை போடுங்கள்

மெஷினில் எழுதியிருக்கும் 6.5 கிலோ, 8 கிலோ எல்லாம் காய்ந்த துணியின் எடை. ஒரே தடவையில் துவைக்கிற துணியை மூட்டையாகக் கட்டி, அதோடு எடை மெஷினில் ஏறி நில்லுங்கள். உங்கள் எடையைக் கழித்தால் கணக்கு கிடைத்துவிடும். நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் பெரும்பாலும் 7 அல்லது 8 கிலோ சரியாக இருக்கும். கனமான போர்வையை வீட்டிலேயே துவைப்பவர்கள் ஒரு படி மேலே போகலாம். எப்படியும் தொட்டியை முட்ட முட்ட நிரப்பக்கூடாது. துணி புரள இடம் வேண்டும்.

படி 3: தண்ணீர்

இதைக் கடைக்காரர் கேட்கமாட்டார், நீங்கள்தான் பார்க்க வேண்டும். தானாகத் தண்ணீர் எடுக்கும் மெஷின்கள் பலவற்றுக்குக் குறைந்தது 0.03 எம்பிஏ (மெகாபாஸ்கல்) தண்ணீர் அழுத்தம் தேவை. புரிகிற மாதிரி சொன்னால், மெஷினுக்குத் தண்ணீர் வரும் குழாயிலிருந்து மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகம் ஏறக்குறைய 10 அடி உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு தளம் மட்டும் உள்ள வீட்டில், தொட்டி நேராக மாடித் தரையில் உட்கார்ந்திருந்தால் அந்த உயரம் கிடைக்காது. அப்போது தொட்டிக்கு ஒரு மேடை கட்டலாம், சின்ன பிரஷர் பம்ப் வைக்கலாம், இல்லையென்றால் குறைந்த அழுத்தத்தில் ஓடும் மாடலைக் கேட்டு வாங்கலாம்.

அடுத்து உப்புத் தண்ணீர். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். சோப்பு நுரைக்காமல், வாளியின் உள்பக்கம் வெள்ளைப் படலம் படிந்தால் அது கடினத் தண்ணீர். அதில், மெஷினுக்குள் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் மீது சுண்ணாம்பு ஏறும். சிட்ரிக் அமிலமோ, கடையில் கிடைக்கும் டீஸ்கேலிங் (சுண்ணாம்பு நீக்கும்) பொடியோ அவ்வப்போது போட்டு, துணியில்லாமல் ஓடவிட வேண்டும். கடல் பக்கம் திறந்த பால்கனியில் மெஷினை வைக்காதீர்கள்; உப்புக் காற்று அடித்தகட்டை அரித்துவிடும்.

படி 4: எந்த வகை?

செமி ஆட்டோமேட்டிக்: விலை குறைவு, வாளியில் ஊற்றிக்கூடத் துவைக்கலாம். துணியை நாம்தான் ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். ஆனால் பிழிவதற்கென்றே இருக்கும் அந்த இரண்டாவது சின்ன தொட்டி நன்றாகப் பிழியும். பட்ஜெட் குறைவு, மழை அதிகம் என்றால் இதைத் தாழ்வாக நினைக்கவே வேண்டாம்.

டாப் லோட் (மேலே திறப்பது): குனிய வேண்டாம், முழங்கால் வலி உள்ள அம்மாக்களுக்கு வசதி. பிழிவது பெரும்பாலும் 700 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 700 சுற்று) அளவில்தான்.

ஃபிரண்ட் லோட் (முன்பக்கம் கதவு திறப்பது): தண்ணீர் குறைவு, 1000 முதல் 1400 ஆர்பிஎம் வரை சுற்றும். நேரம் அதிகம் பிடிக்கும். நுரை குறைவான சோப்பு வேண்டும். கதவு ரப்பரைத் துடைத்துக் கதவைத் திறந்தே வைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

படி 5: பிழியும் வேகம்

என் வீட்டில் 400 கிராம் எடையுள்ள ஒரு குளியல் துண்டை சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். எங்கள் பழைய டாப் லோட் 700 ஆர்பிஎம்மில் பிழிந்த பிறகு 710 கிராம். அதே துண்டை அக்கா வீட்டு ஃபிரண்ட் லோடில் 1200 ஆர்பிஎம்மில் போட்டதும் 630 கிராம். ஒரு துண்டில் 80 கிராம் தண்ணீர் வித்தியாசம் என்றால், 4 கிலோ துணிக்கு ஏறக்குறைய 800 மில்லி. அவ்வளவு தண்ணீரும் உங்கள் வீட்டுக்குள்ளேதான் ஆவியாகப் போகிறது.

ஒரு லிட்டர் தண்ணீரைச் சூட்டால் ஆவியாக்க ஏறக்குறைய 0.65 யூனிட் கரண்ட் வேண்டும். அதையே சுற்றிப் பிழிந்து எடுத்தால் பத்து நிமிஷம், மிகக் குறைந்த கரண்ட். அதனால் டிரையர் வாங்க நினைப்பவர்கள் முதலில் நன்றாகப் பிழியும் மெஷினை வாங்குங்கள். பல வீடுகளில் அதோடு ஃபேன் இருக்கும் ஒரு அறையும் சேர்ந்தால், டிரையரே தேவைப்படாது.

படி 6: டிரையர் யாருக்கு?

கைக்குழந்தை உள்ள வீடு, படுக்கையில் பெரியவர்கள் இருக்கும் வீடு, மாடி இல்லாத பிளாட், தினமும் விரிப்பு மாற்றும் ஹோம்ஸ்டே. இவர்களுக்கு அது ஆடம்பரம் அல்ல.

வென்டட் வகை ஈரக் காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளும், அதற்குச் சுவரில் துளை வேண்டும். கன்டென்சர் வகை ஈரத்தைத் தண்ணீராக்கித் தொட்டியில் சேர்க்கும், ஆனால் அறை சூடாகும். ஹீட் பம்ப் வகை, குறைந்த சூட்டில், பாதி அளவு அல்லது அதற்கும் குறைவான கரண்டில் காயவைக்கும். விலை அதிகம், நேரமும் கொஞ்சம் அதிகம். தினமும் ஓடும் என்றால் நான் ஹீட் பம்ப்தான் சொல்வேன். நம்மூர் கரண்ட் பில்லில் யூனிட் ஏற ஏற ஸ்லாப்பும் ஏறும்.

இரண்டும் ஒன்றான வாஷர் டிரையர் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் 8 கிலோ துவைக்கும் மெஷின் 5 கிலோதான் காயவைக்கும் என்கிற மாதிரி இருக்கும். மீதியை எடுத்து வெளியே வைக்க வேண்டும். பின்னால் டிரையர் வாங்கலாம் என்று நினைப்பவர்கள் இப்போதே ஃபிரண்ட் லோட் வாங்குங்கள். ஸ்டாக்கிங் கிட் பொருத்தி அதன் மேலேயே டிரையரை வைக்கலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ரப்பர் பால் ஒட்டிய சட்டையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்தத் துணி மெஷினுக்கும் டிரையருக்கும் போகவே கூடாது, தீப்பிடிக்கும். தேங்காயெண்ணெய் ஊறிய துவர்த்தும் (துண்டும்) டிரையருக்கு ஆகாது. துவைத்த பிறகும் எண்ணெய் மிச்சம் இருந்தால், டிரையர் சூட்டில் அது தானாகவே புகையத் தொடங்கலாம். அதை வெயிலில் போடுங்கள். துணியின் லேபிளில் சதுரத்துக்குள் வட்டம் போட்டு, அதன் மேல் குறுக்கே அடித்திருந்தால் டிரையர் கூடாது என்று அர்த்தம். பட்டும் ஜரிகையும் லேபிள் இல்லாவிட்டாலும் வேண்டாம். பஞ்சு சேரும் ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் சுத்தம் செய்யுங்கள்.

படி 7: பிளக்கும் கடையும்

ஹீட்டர் உள்ள மெஷின் 2000 வாட்ஸ் இழுக்கும், அதாவது கிட்டத்தட்ட 9 ஆம்ப். எர்த் உள்ள 16 ஆம்ப் பவர் பிளக் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது.

கடையில் "மோட்டாருக்குப் பத்து வருஷம் வாரண்டி" என்றால், "போர்டுக்கு?" (மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் பலகைக்கு) என்று கேளுங்கள். பல மாடல்களில் அந்தப் பத்து வருஷம் மோட்டாருக்கு மட்டும்தான். சர்வீஸ் ஆள் நாகர்கோவிலில் இருந்தா, மார்த்தாண்டத்தில் இருந்தா வருவார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எலி நடமாட்டம் உள்ள வீடு என்றால் அடியில் எலித்தடுப்பு மூடி உண்டா என்று பாருங்கள்.

படி 8: மாட்டும் நாள்

ஃபிரண்ட் லோடின் பின்பக்கம் டிரம் ஆடாமல் இருக்கப் போல்ட் போட்டு அனுப்புவார்கள். அதைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் அறையையே அதிரவைக்கும், உள்ளேயும் சேதமாகும். மாட்ட வந்தவர் கழற்றியதை உங்கள் கண்ணால் பாருங்கள். நான்கு காலும் தரையில் சமமாக நிற்கிறதா என்று மூலையை அழுத்திப் பாருங்கள். கழற்றிய போல்ட்டுகளை ஒரு கவரில் போட்டு, வாரண்டி கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். வீடு மாறும்போது அவற்றை மறுபடியும் மாட்டித்தான் மெஷினை வண்டியில் ஏற்ற வேண்டும்.