நாலிவுட் படம் பார்க்க ஒரு தாளும் பேனாவும்

நாலிவுட் என்றால் நைஜீரியாவின் சினிமா உலகம். அதில் ஒன்றிரண்டு படம் பார்த்தவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "மாமியார் கத்துகிறார், மருமகள் அழுகிறார். இதில் கவனிக்க என்ன இருக்கிறது?" நிறையவே இருக்கிறது, முக்கியமாக ஆணாதிக்கம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம், முடிவெடுத்தவர் பெயர். வலப்பக்கம், அந்த முடிவால் இழந்தவர் பெயர். மளிகைக் கணக்கு மாதிரிதான், பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம்.

1992இல் வந்த 'லிவிங் இன் பாண்டேஜ்' படத்தில் தொடங்குங்கள். நைஜீரியாவின் இக்போ மொழிப் படம். வீடியோ கேசட்டாக வீடுகளுக்குள் நுழைந்து நாலிவுட் அலையையே கிளப்பிவிட்டது. சவுண்ட் சுமார்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். பணத்துக்காக ரகசியக் கூட்டம் ஒன்றில் சேரும் ஆண்டி, தன் மனைவி மெரிட்டைப் பலி கொடுக்கிறான். பணம் குவிகிறது, மெரிட்டின் ஆவி துரத்துகிறது, அவனுக்குப் புத்தி பேதலிக்கிறது, கடைசியில் தேவாலயத்தில் மீட்பு கிடைக்கிறது. இப்போது தாளைப் பாருங்கள். மெரிட் வலப்பக்கத்தை விட்டு நகரவே இல்லை. அவளை நல்லவள் என்று படம் கொண்டாடுகிறது. ஆனால் திருந்தி வாழும் வாய்ப்பு அவளைக் கொன்றவனுக்குத்தான்.

அடுத்து மாமியார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கொடுமைக்கார மாமியார் வேடங்களுக்குப் பேர்போனவர் நடிகை பேஷன்ஸ் ஓசோக்வோர். திரையில் அவர் தலை தெரிந்தாலே என் சித்தி திட்டத் தொடங்கிவிடுவார், அவ்வளவு பிரமாதமான நடிப்பு. அவர் கத்தும் காட்சியில் படத்தை நிறுத்தி, மகன் எங்கே என்று தேடுங்கள். இப்படிப்பட்ட படங்களில் பெரும்பாலும் மகன் அம்மா பக்கத்திலேயே வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். பேரன் வேண்டும், இல்லையென்றால் இரண்டாம் மனைவி வேண்டும் என்று அம்மா கேட்கிறார். வம்சம் தழைப்பது மகன் பெயரில், கெட்ட பெயர் மட்டும் அம்மாவுக்கு. ஆணாதிக்கத்தைப் பெண் வாயால் பேசவைத்துவிட்டால் பார்ப்பவர் கோபம் ஆண் பக்கம் திரும்பாது. அதனால் இடப்பக்கத்தில் மாமியார் பெயரோடு மகன் பெயரையும் எழுதுங்கள்.

ஜெனிவீவ் நாஜி இயக்கி நடித்த 'லயன்ஹார்ட்' (2018) இதைவிடக் கடினமான பாடம், ஏனென்றால் அதில் யாரும் கத்துவதில்லை. எனுகு நகரில் ஒரு குடும்பத்தின் பஸ் கம்பெனி. முதலாளி அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. தொழில் தெரிந்த மகள் கூடவே இருக்க, பொறுப்பைத் தன் சகோதரரிடம் கொடுக்கிறார். பாசமான அப்பா, நல்ல சித்தப்பா. அப்பா அதை அறிவிக்கும்போது மகளின் முகத்தை மட்டும் பாருங்கள்.

அதே ஆண்டில் கெமி அடெடிபா இயக்கிய 'கிங் ஆஃப் பாய்ஸ்' வந்தது. லாகோஸ் நகரின் நிழல் உலகத்தையே கையில் வைத்திருக்கும் எனியோலா சலாமி என்ற பெண்ணைப் பார்த்ததும் "ஆணாதிக்கம் ஒழிந்தது" என்று எழுதிவிடாதீர்கள். அமைச்சர் பதவிக்கு அவரும் அரசியல்வாதிகளின் தயவுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மகனகி என்பவன் அவரை எதிர்க்கும்போது, அதில் தொழில் போட்டி எவ்வளவு, "ஒரு பொம்பளைக்குக் கீழேயா" என்ற எரிச்சல் எவ்வளவு என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பழைய படங்கள் பார்ட் 1, பார்ட் 2 என்று வரும். தண்டனை யாருக்கு, மன்னிப்பு யாருக்கு என்பது பெரும்பாலும் பார்ட் 2இல்தான் தெரியும். அதையும் பார்த்த பிறகே தாளை மடியுங்கள்.