நோம்பிக்குச் சந்தகை: ஆறுவதற்குள் பிழிய ஒரு வழி

எங்கள் பக்கம் பண்டிகையை நோம்பி என்போம். தீபாவளி நோம்பியோ பொங்கல் நோம்பியோ, கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் காலைப் பலகாரம் சந்தகைதான், அதாவது அரிசி மாவை இட்லியாக வேகவைத்து இழை இழையாகப் பிழிவது. அம்மாயி இருந்தவரை பிழிய மர அச்சு. அதன் நீளக் கட்டையின் நுனியில், பேரன் பேத்திகளில் யார் கனமோ அவர்களை ஏற்றி உட்கார வைப்பார்கள். நான் ஒல்லி. அதனால் கீழே தட்டுப் பிடிக்கிற வேலை எனக்கு. வருடா வருடம் பிடித்ததில் சந்தகை செய்யத் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிச் சென்னை வந்து முதல் தீபாவளிக்குத் தனியாக இறங்கியபோதுதான், தட்டுப் பிடிக்க மட்டுமே தெரியும் என்பது புரிந்தது.

இடியாப்பம் பழகியவர்களுக்கு முதலில் ஒன்று. இடியாப்பத்தில் மாவைப் பிழிந்து வேகவைக்கிறோம். சந்தகையில் வெந்ததைப் பிழிகிறோம். கர்நாடகத்தில் ஒத்து சாவிகே என்பதும் இந்த வகைதான். வெந்ததைப் பிழிய நல்ல தெம்பு வேண்டும், முறுக்கு நாழியெல்லாம் தாங்காது.

நாலு பேருக்கு இட்லி அரிசி 3 டம்ளர் (என் டம்ளர் 200 மில்லி பிடிக்கும்), உப்பு, நல்லெண்ணெய் 2 ஸ்பூன். அவ்வளவுதான். உளுந்து கிடையாது, மாவு புளிக்கவும் கூடாது. ஒருமுறை பச்சரிசியில் முயன்றேன். இழை இழையாக வராமல் ஒன்றோடொன்று ஒட்டி அப்பிக்கொண்டது. புழுங்கலரிசியே போடுங்கள்.

அரிசியைக் களைந்து 4 மணி நேரம் ஊறவைத்து, உப்புப் போட்டுக் கிரைண்டரில் அரைக்கவும். இட்லிக்கு விடுகிற மாதிரி ரவைப் பதம் இதற்கு ஆகாது. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் நறநறப்பே தெரியக் கூடாது. குருணை இருந்தால் அச்சின் கண்ணை அடைத்துக்கொள்ளும். எங்கள் கிரைண்டரில் இதற்கு அரை மணி நேரம் ஆகிறது. கடைசியில் எண்ணெயை விட்டு ஒரு சுற்று. இட்லி மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக, தோசை மாவைவிடக் கெட்டியாக இருந்தால் சரி.

அரைத்த கையோடு துணி போட்ட இட்லித் தட்டில் ஊற்றி வேகவைக்கவும். உளுந்து இல்லாததால் உப்பாது, தட்டையாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். 12 முதல் 15 நிமிடம். குச்சி விட்டுப் பார்த்து ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

நான் சறுக்கியது இதற்கு அடுத்த இடத்தில். முதல் வருடம் மொத்த மாவையும் இட்லியாக ஊற்றி எடுத்து, ஹாட்பாக்ஸில் அடுக்கி வைத்துவிட்டு, பரணிலிருந்து அச்சை இறக்கிக் கழுவித் துடைத்தேன். முதல் நாலு இட்லி எப்படியோ இறங்கியது. ஐந்தாவதற்குக் கைப்பிடி நகர மறுத்தது. கணவர் வந்து திருகினார். அச்சின் கால் ஒன்று மெல்ல வெளிப்பக்கம் வளைந்தது, பிறகு திருகு மரையே போய்விட்டது. அன்றைக்கு நாங்கள் சாப்பிட்டது உளுந்து போடாத இட்லியும் தேங்காய்ப்பாலும். கல் மாதிரி இருந்தது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். “எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டயா சாமி? ஆறுனா எப்புடி அமுங்கும்? ஒரு ஈடு அடுப்புல இருக்கோணும், ஒரு ஈடு அச்சுல இருக்கோணும்.”

விஷயம் அவ்வளவுதான். அரிசியிலிருக்கும் மாவுச்சத்து சூட்டில் இளகிக் குழைந்திருக்கும். ஆற ஆற இறுகும். ஆறிய சாதம் விறைத்துப்போவதும் இதனால்தான். மூடி வைத்தாலும், மேலே தொட்டால் சூடாகத் தெரிந்தாலும், பிழிகிற பதம் போயிருக்கும். அதனால் இப்போது நான் செய்கிற வரிசை இது:

1. மாவை ஊற்றும் முன்பே அச்சைக் கழுவி, உள்ளே எண்ணெய் தடவி, கொதிக்கிற தண்ணீரை ஒரு தரம் ஊற்றிக் கவிழ்த்துவிடுவேன். சில்லென்ற அச்சு முதல் ஈட்டின் சூட்டைக் குடித்துவிடும்.

2. ஒரு ஈட்டுக்கு 8 இட்லிதான். வெந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து, மூடியைத் திறந்து நாலை மட்டும் எடுத்து அச்சில் போட்டுவிட்டு உடனே மூடிவிடுவேன். மீதி நாலும் ஆவியிலேயே இருக்கும்.

3. ஒருவர் அச்சின் காலை அழுத்திப் பிடிக்க, ஒருவர் திருக வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. போன் அடித்தால் அடிக்கட்டும்.

4. இழை ஒரு சாண் நீளம் தொங்கியதும் தட்டைச் சுற்றிக்கொண்டே வாங்கவும். என் பழைய உத்தியோகம். ஒரே இடத்தில் விழுந்தால் கட்டியாகிவிடும்.

அச்சைப் பற்றி என் கட்சி இதுதான்: மூன்று கால் வைத்த கனமான இரும்பு அச்சு வாங்குங்கள். பளபளவென்று லேசாக இருக்கிற எவர்சில்வர் அச்சு கடையில் பார்க்க அழகு, மரை போனதும் அதுதான். கோவை டவுன்ஹால் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் நின்று, காலை அழுத்திப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் முறைத்தார், பரவாயில்லை.

தொட்டுக்கொள்ள: முழுத் தேங்காய் ஒன்றை அரைத்துப் பால் எடுத்து, 150 கிராம் வெல்லம், ஏலக்காய் சேர்த்தால் ஒரு கிண்ணம். வறுத்த எள்ளை வெல்லத்தோடு இடித்த பொடி இன்னொரு கிண்ணம். கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து எலுமிச்சை பிழிந்தால் காரச் சந்தகை. தாளிப்பதற்கு மட்டும் சந்தகை நன்றாக ஆறியிருக்க வேண்டும், சூட்டில் கிளறினால் இழை உடைந்து உப்புமாவாகிவிடும். மத்தியானத்துக்கு மீந்தால் கோழிக் குழம்பு. என்னைக் கேட்டால், வேண்டுமென்றே மீக்க வேண்டும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுச் செய்தவர்கள் கேட்டதில் மூன்றை இங்கே சேர்க்கிறேன்.

கிரைண்டர் இல்லை, மிக்ஸி போதுமா என்று ஒருவர். போதும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஜில் தண்ணீர் விட்டு அரைத்துச் சல்லடையில் வடித்துவிடுங்கள். சல்லடையில் தங்குகிற குருணையை மறுபடி மிக்ஸிக்கே அனுப்புங்கள். ஊறும் நேரத்தையும் 6 மணியாக்கிக்கொள்ளுங்கள்.

தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது என்று இரண்டு பேர். என் தப்புதான், எழுத விட்டுவிட்டேன். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிய பாகு முழுக்க ஆறிய பிறகுதான் பாலில் ஊற்ற வேண்டும். கலந்த பிறகு அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

மூன்றாவது, பிழிய வீட்டில் இரண்டாவது ஆள் இல்லாதவர் கேட்டது. நானும் ஒரு பொங்கலுக்கு அப்படி மாட்டினேன். மேடையில் வைக்காமல் அச்சைத் தரையில் ஈரத் துணி விரித்து அதன்மேல் நிறுத்தி, இரண்டு கால்களைப் பாதத்தால் மிதித்துக்கொண்டு குனிந்து திருகினேன். ஒரு தடவைக்கு இரண்டு இட்லிக்கு மேல் போடவில்லை. வந்தது. மறுநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது.

அப்புறம், பிழிந்து முடித்ததும் சாப்பிட உட்காராமல் அச்சை வெந்நீரில் போட்டுவிடுங்கள். காய்ந்துவிட்டால் ஒவ்வொரு கண்ணாகக் குத்தித்தான் எடுக்க வேண்டும். அதற்கு விளக்குமாற்றுக் குச்சிதான் சரி. புது விளக்குமாறு.