மேடையேற இன்னும் ஒரு மணி நேரம்: இப்போது என்ன செய்யலாம்?

பத்தரைக்கு உங்கள் முறை. இப்போது மணி ஒன்பதரை. கல்லூரி புராஜெக்ட் ரிவ்யூவோ, அலுவலகக் கூட்டமோ, முதல்முறை பேசப்போகிறவர்களில் பலர் இந்த நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து ஸ்லைடை நோண்டிக்கொண்டே இருப்பார்கள். அதை விடுங்கள். எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் திருத்தலாம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். மனதில் இருப்பது ஒன்று, திரையில் வருவது வேறு என்றாகிவிடும். இந்த ஒரு மணி நேரம் அரங்குக்கும் கருவிகளுக்கும் உங்கள் தொடக்க வரிகளுக்கும்தான்.

1. கோப்புக்கு மாற்று

லேப்டாப்பில் இருப்பது போக, பென்டிரைவில் ஒன்று, உங்களுக்கே மின்னஞ்சலில் ஒன்று. கூடவே பிடிஎஃப் பிரதி. தமிழில் ஸ்லைடு போட்டிருந்தால் பிடிஎஃப் கட்டாயம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். யூனிகோடில் தட்டியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. பிடிஎஃபில் அனிமேஷனும் வீடியோவும் ஓடாது, பரவாயில்லை.

2. ப்ரொஜெக்டர்

பாதிப் பதற்றம் இங்கேதான் பிறக்கிறது. கூட்டம் சேருமுன்போ டீ இடைவேளையிலோ ஒருமுறை இணைத்துப் பார்த்துவிடுங்கள். பழைய அரங்குகளில் இன்னமும் நீலத்தலை விஜிஏ வயர்தான் தொங்கும். புது லேப்டாப்கள் பலவற்றில் அதைச் செருக இடமே இருக்காது. கன்வர்ட்டர் இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். விஜிஏ வழியாக ஒலி போகாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஸ்லைடில் வீடியோ இருந்தால் தனி ஆடியோ வயர் வேண்டும். எச்டிஎம்ஐ என்றால் ஒலியும் சேர்ந்தே போகும், ஆனால் எந்த ஸ்பீக்கரில் வருகிறது என்று போட்டுப் பாருங்கள்.

வயரைச் செருகியும் படம் வரவில்லையா? விண்டோஸ் விசையோடு பி (P) அழுத்தி ‘டூப்ளிகேட்’ தேர்ந்தெடுங்கள். அகலமான ஸ்லைடு பழைய ப்ரொஜெக்டரில் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு தெரியும். அது கோளாறு அல்ல. பிறகு கடைசி வரிசைக்கு நடந்து போய் உங்கள் ஸ்லைடைப் படித்துப் பாருங்கள். எழுத்து தெரியாத ஸ்லைடு எதுவென்று தெரிந்துகொண்டால், அதை வாயால் சொல்லிச் சமாளிக்கலாம்.

சார்ஜர் செருகியிருக்கட்டும். வாட்ஸ்அப்பை மூடிவிடுங்கள். அத்தை அனுப்பும் காலை வணக்கம் பெரிய திரையில் வந்து நிற்க வேண்டாம்.

3. பவர்பாயிண்ட் விசைகள்

எஃப்5 அழுத்தினால் முதலிலிருந்து ஓடும். ஷிஃப்ட்டோடு எஃப்5, நீங்கள் நிற்கும் ஸ்லைடிலிருந்து. ஓடும்போது பி (B) தட்டினால் திரை கறுப்பாகும், பார்வை உங்கள்மேல் திரும்பும். மறுபடி தட்டினால் ஸ்லைடு வரும். ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் கொடுத்தால் நேரே அங்கே போகும்.

4. முதல் நான்கு வாக்கியம்

முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்ய இனி நேரமில்லை, தேவையும் இல்லை. முதல் நான்கு வாக்கியங்களை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் அல்ல, சத்தமாக. மாடிப்படிக்கட்டு போதும். நாக்கு தடுக்கும் சொல் எது என்பது அப்போதுதான் தெரியும். அதை எளிய சொல்லாக மாற்றிவிடுங்கள்.

விருந்தினர் பெயரையும் பதவியையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி, சரிதானா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மேடையில் வீற்றிருக்கும் ஒவ்வொருவரையும் அடைமொழியோடு விளித்தால் பத்து நிமிடப் பேச்சில் இரண்டு நிமிடம் அதிலேயே கரைந்துவிடும். என்னைக் கேட்டால் தலைமை தாங்குபவர் பெயரும் ‘அவையோர் அனைவருக்கும் வணக்கம்’ என்பதுமே போதும்.

5. மைக், வயிறு

கைமைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போனால் ‘கீ’ என்று கத்தும், விலகி நில்லுங்கள். இரண்டு இட்லி போதும். தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

6. எதை விடுவது?

முந்தையவர் நேரத்தைத் தின்றுவிட்டுப் போவது நம் கூட்டங்களில் சகஜம். பத்து நிமிடம் ஐந்தாகிவிட்டால் எந்த ஸ்லைடுகளை விடுவது என்று இப்போதே முடிவு செய்து, முடிவுரை ஸ்லைடின் எண்ணை உள்ளங்கையிலோ அந்தத் துண்டுத்தாளிலோ குறித்துவையுங்கள். ‘சீக்கிரம் முடிக்கவும்’ என்ற சீட்டு வந்ததும் எண்ணைத் தட்டி என்டர் கொடுத்து, அங்கிருந்து பேசி முடியுங்கள்.