குறைந்த விலையில் குறி தப்பாத .22 ரைஃபிள்: வைத்திருப்பவர்கள் பேச்சை எடைபோடுவது எப்படி?

.22 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் ரகம்) வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும், "நம்ம துப்பாக்கி ஒரே ஓட்டையில அஞ்சு குண்டு போடும்ணே" என்றுதான் சொல்வார். பொய் இல்லை, ஒரு நாள் போட்டிருக்கும். அந்த ஒரு பேப்பரை மடித்து பர்ஸில் வைத்திருப்பார், மற்றதெல்லாம் ரேஞ்ச் குப்பைக்கூடையில் கிடக்கும். அதனால் சேலத்தில் முதல் ரைஃபிள் வாங்கக் கிளம்பியிருக்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது, நாலு பேரிடம் கருத்துக் கேளுங்கள், ஆனால் "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்காதீர்கள். எந்தத் தோட்டா, எத்தனை மீட்டர், மணல்மூட்டை மேல் வைத்துச் சுட்டதா இல்லை படுத்துக் கையில் பிடித்துச் சுட்டதா, வரிசையாக அஞ்சு குரூப் (ஒரே குறியில் சுட்ட குண்டுகளின் கூட்டம்) போட்டதில் மோசமான குரூப் எவ்வளவு அகலம், இப்படிக் கேளுங்கள். பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள். மீதிப் பேர் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

எவ்வளவு துல்லியம் இருந்தால் போதும் என்பதை முதலில் கணக்குப் போட்டுவிட்டால் வீண் செலவு குறையும். 50 மீட்டர் போட்டித் தாளில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ., குண்டின் விட்டம் சுமார் 5.6 மி.மீ. குண்டு வளையக் கோட்டை உரசினாலே பத்துதான். ஆகவே குண்டுகளின் நடுப்புள்ளிகள் 16 மி.மீ. வட்டத்துக்குள் விழுந்து, அந்த வட்டம் தாளின் நடுவில் உட்கார்ந்தால் அத்தனையும் பத்து. 'ஒரு மினிட்' (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ரைஃபிள் என்று சொல்கிறார்களே, அது 50 மீட்டரில் 14.5 மி.மீ.தான். அப்படியென்றால் திரும்பத் திரும்ப 15 மி.மீ. குரூப் போடும் சாதாரண ரைஃபிளே புதிதாகக் கற்பவருக்குத் தாராளம். தசமப் புள்ளிக்காக மல்லுக்கட்டும் நிலைக்கு, அதாவது 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கினாரே அந்த மாதிரி இடத்துக்கு, வேறு துப்பாக்கி வேண்டும்தான். அது அப்புறம்.

வெளிநாட்டில் மலிவு விலை ரகம் என்றதும் சேவேஜ் மார்க் 2, சி.இசட். 457, ரூகர் அமெரிக்கன் ரிம்ஃபயர் என்று அடுக்குவார்கள். இவற்றை நம் ஊரில் சாதாரண ஆள் நினைத்தவுடன் இறக்குமதி செய்ய முடியாது. இருந்தாலும் வைத்திருப்பவர்கள் எதைப் புகழ்கிறார்கள், எதைத் திட்டுகிறார்கள் என்று பார்ப்பது பிரயோஜனம். சேவேஜில் எல்லோரும் மெச்சுவது ட்ரிகர், நாமே கனத்தைக் குறைத்துக்கொள்ளலாம். திட்டுவது பிளாஸ்டிக் ஸ்டாக்கை, அதாவது குழலைத் தாங்கித் தோளில் வைக்கும் கட்டையை. ஸ்லிங் (கையில் மாட்டும் வார்) போட்டு இறுக்கினால் முன்பக்கம் வளைந்து குழலைத் தொடும், குண்டு இடம் மாறும். சி.இசட். 457-இல் போல்ட் 60 டிகிரி தூக்கினாலே போதும், ஸ்கோப்பில் கை இடிக்காது. நம் பக்கம் நிஜமாகக் கைக்கு வருவது பழைய பிர்னோ, பி.எஸ்.ஏ., இஷாபூர் தொழிற்சாலை .22, யோகம் இருந்தால் ஒரு அன்ஷூட்ஸ் 64. மூத்தவர் ஒருவர் சுடுவதை நிறுத்திவிட்டு அன்ஷூட்ஸ் 64-ஐக் கொடுக்கிறார் என்று காதில் விழுந்தால் மறுபேச்சு வேண்டாம், போய்ப் பாருங்கள்.

சரி, இப்போது தோட்டா. வைத்திருப்பவர்கள் கருத்தில் பாதிக்கு மேல் உண்மையில் துப்பாக்கியைப் பற்றியதே இல்லை, அவர் போட்ட தோட்டாவைப் பற்றியது. .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிப்பக்க விளிம்புக்குள் இருக்கிறது, நாமே மறுபடி நிரப்பிச் சரிசெய்ய வழியில்லை, தொழிற்சாலை எந்த லாட்டில் (ஒரே தடவையில் செய்த தொகுதி) எப்படிச் செய்ததோ அதுதான். ஒரே கம்பெனி, ஒரே பெட்டி நிறம், லாட் எண் மட்டும் வேறு, குரூப் இரண்டு மடங்காகக்கூட விரியலாம். அதனால் ஒருவர் "இந்தத் துப்பாக்கி சரியில்லை" என்றால் அவர் எத்தனை ரகம் போட்டுப் பார்த்தார் என்று கேளுங்கள். வேகமான தோட்டா நல்லது என்று நினைப்பவர்களும் உண்டு. ஹை வெலாசிட்டி குண்டு ஒலியைத் தாண்டிக் கிளம்பி, வழியில் ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கும்போது தள்ளாடும். போட்டித் தோட்டாக்கள் நொடிக்கு 325 மீட்டர் பக்கம், ஒலிக்குக் கீழேயே கிளம்பும்படி செய்யப்பட்டவை. இங்கே ஒரு நுணுக்கம்: சித்திரை வெயிலில் சேலத்தில் 38 டிகிரி இருந்தால் ஒலிவேகம் நொடிக்கு 354 மீட்டர், ஏற்காட்டில் 15 டிகிரி காலையில் 340தான். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் தோட்டா கீழே நன்றாகப் போய் மேலே சொதப்பலாம்.

சோதனை செய்யும் முறையும் முக்கியம். குழலைத் துடைத்த கையோடு குரூப் போடாதீர்கள், முதல் சில குண்டுகள் அங்கும் இங்கும் போகும். தோட்டா மேல் பூசிய மெழுகு குழலுக்குள் படிந்தால்தான் நிலைக்கு வரும். ரகம் மாற்றினாலும் அப்படியே, பத்துப் பதினைந்து போட்டுவிட்டு அப்புறம் பேப்பரை மாற்றுங்கள். லைசென்ஸில் வருடத்துக்கு இத்தனை தோட்டா என்று எழுதியிருப்பதை நினைத்தால் வயிறு எரியும், ஆனால் வேறு வழி இல்லை. கிளப்பில் இருப்பவர்கள் எந்த லாட் நன்றாகப் போகிறது என்று முன்பே பார்த்திருப்பார்கள், அதிலிருந்து தொடங்குவது சிக்கனம். காற்றையும் கணக்கில் வையுங்கள். பக்கவாட்டில் மணிக்கு 15 கி.மீ. காற்று 50 மீட்டரில் குண்டை ஏறக்குறைய ஒரு அங்குலம் தள்ளிவிடும், அதாவது மூன்று வளையம். ஆடி மாதத்தில் சுட்ட பேப்பரைக் காட்டி விலை பேசாதீர்கள், பேசவும் விடாதீர்கள்.

பழைய ரைஃபிளை நேரில் பார்க்கும்போது முதல் வேலை, மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறை காலிதானா என்று கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டுப் பார்ப்பது. விற்கிறவர் "லோடு இல்லை தம்பி" என்று சொன்னாலும். அப்புறம் போல்ட்டை முழுதாக உருவிவிட்டுக் குழலின் வாய்ப்பக்க விளிம்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அந்த விளிம்பில் நகம் தட்டும் அளவுக்கு ஒரு நெளிசல் இருந்தாலும் குண்டு வெளியேறும் கடைசி நொடியில் ஒருபக்கம் தள்ளும். கம்பியை வாய்ப்பக்கமாக விட்டுத் துடைத்த பழைய துப்பாக்கிகளில் இதுதான் பொதுவான சாபம். அறை முடியும் இடத்தில் கரி வளையம் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அது துடைத்தால் போகும், விலையைக் குறைக்க நல்ல சாக்கு. பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவில் விட்டு இழுங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே மரம் குழலைத் தொடுகிறது. சிலது வேண்டுமென்றே தொடும்படி செய்யப்பட்டவை, அதனால் பயந்துவிட வேண்டாம், ஒருபக்கம் மட்டும் சிக்கினால்தான் யோசிக்க வேண்டும். கழற்றி மாட்டும்போது ஸ்க்ரூவை ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கத்தில் வைக்க முறுக்கும் அளவைக் காட்டும் ஒரு டார்க் ஸ்க்ரூடிரைவர் வாங்கிக்கொள்ளுங்கள். புது ரைஃபிள் வேண்டும் என்று புலம்பியவர்களில் பலருக்கு இந்தக் கருவியே தீர்வாகியிருக்கிறது. ட்ரிகரைச் சோதிக்க வெறும் அறையில் அழுத்தாதீர்கள், பழைய .22-களில் தோட்டாவைத் தட்டும் ஊசி அறையின் விளிம்பில் அடித்துப் பள்ளம் விழும். சுட்டு முடித்த காலி கேஸ் ஒன்றைப் போட்டு அழுத்துங்கள்.

ஏற்காட்டில் வைத்துக்கொள்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏரிப் பக்கம் மூடுபனி இறங்கும் மாதங்களில் மர ஸ்டாக் ஈரம் குடித்து உப்பும், நேற்று நேராக விழுந்தது இன்று மேலேறும். பஞ்சு வைத்த பெட்டியில் பூட்டி வைத்தால் துரு உறுதி, எண்ணெய்த் துணியால் துடைத்துக் காற்றுப்படும் பீரோவில் வையுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி கோரிமேட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் குளிர்ந்த இரும்பு மேல் வியர்த்திருக்கும், ஸ்கோப்பும் மங்கும். அரை மணி நேரம் விட்டுவிட்டுத் துடைத்துச் சுடுங்கள். எஸ்டேட்டில் காட்டுப்பன்றி தொல்லை என்று இதைத் தூக்கிக்கொண்டு போகும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். 1972 வனவிலங்குச் சட்டம் விளையாட்டான காரியம் இல்லை.

லைசென்ஸ் கையில் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 4.5 மி.மீ., 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம், அதில் பழகிக்கொண்டே விண்ணப்பித்துக் காத்திருக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது (அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப் உறுப்பினருக்கு .22-இல் விலக்கு உண்டு), லைசென்ஸ் காலம் 5 வருடம். தனிநபரிடம் வாங்கினால், விற்கிறவர் எழுத்தில் தகவல் கொடுத்து 45 நாள் கழிந்த பிறகுதான் கை மாறலாம், "எடுத்துட்டுப் போப்பா, பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்" என்பவரிடமிருந்து நடையைக் கட்டுங்கள். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். கொடுக்கும் முன் குழலுக்குள் எண்ணெய் விட்டு, போல்ட்டையும் எண்ணெய்த் துணியால் துடைத்து, ரசீதில் சீரியல் எண் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.