மகனின் நெபுலைசர் நேரத்தை எப்படிச் சரிசெய்தோம்

என் மகனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். சிஎஃப்டிஆர் மரபணுக் கோளாறால் நுரையீரலில் சளி பசைபோல் கெட்டியாகிவிடும். காலை மாலை உப்புநீர் நெபுலைசர் பிடித்து, அப்புறம் மூச்சுப் பயிற்சி செய்து சளியை வெளியேற்ற வேண்டும். எட்டு வயதானதும் "எனக்கு மட்டும் ஏன்?" என்று மாஸ்க்கைத் தள்ளிவிட ஆரம்பித்தான்.

இதே நோயுள்ள இன்னொரு பையனிடம் கூட்டிப்போகலாம் என்றால், அதுவும் கூடாது. சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றிவிடும். இந்த நோயில் எனக்குப் பெரிய கொடுமையாகப் படுவது இதுதான்.

பிசியோதெரபிஸ்ட் மூலம் மதுரைப் பக்கம் ஒரு அக்காவின் நம்பர் கிடைத்தது. அவர் பையனுக்கும் இதே நோய். இப்போது தினமும் மாலை வீடியோ காலில் இரண்டு பையன்களும் சேர்ந்தே மாஸ்க் மாட்டுகிறார்கள். வாயைத் திறந்து "ஹஃப்" என்று மூச்சைத் தள்ளி, யாருக்குச் சளி முதலில் வருகிறது என்று போட்டி வேறு. நான் கூப்பிடவே வேண்டாம், அவனே மெஷினை எடுத்து வைக்கிறான்.

அந்த அக்கா சொல்லித் தந்தவை எனக்கும் தெம்பு. வெயில் காலத்தில் வியர்வையில் உப்பு நிறையப் போய்விடும். டாக்டரிடம் அளவு கேட்டு மோரில் கூடுதலாகப் போடுங்கள். சாப்பாடு செரிக்கக் கொடுக்கும் என்சைம் கேப்சூலைப் பிரித்தால் குருணையை நசுக்காமல், ஆப்பிள் மசியலில் கலந்து உடனே கொடுத்துவிடுங்கள்.