என்ஜின் தீயைத் தடுக்கும் கட்டாயத் திருத்தங்கள்: எங்கே தவறு நடக்கிறது?

கட்டுநாயக்கவில் சென்னைக்கோ மாலேக்கோ புறப்பட நிற்கும் எந்த விமானத்தை எடுத்தாலும் அதன் என்ஜின்களுக்கென்று ஒரு நீண்ட கட்டளைப் பட்டியல் இருக்கும். இந்தக் குழாயை மாற்று, அந்தத் தட்டைப் பரிசோதி, இத்தனை பறப்புகளுக்கு ஒருமுறை திறந்து பார் என்று ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் சொல்லும். இவற்றின் பெயர் எயார்வேர்தினஸ் டிரெக்டிவ். ஹெங்கரில் எல்லோரும் ஏ.டி. என்றுதான் சொல்வார்கள். அமெரிக்காவில் எஃப்.ஏ.ஏ., ஐரோப்பாவில் ஈயாசா என்று, விமானத்தையோ என்ஜினையோ வடிவமைத்த நாட்டின் அதிகார அமைப்பு இதை வெளியிடும். விமானம் 4ஆர் என்று தொடங்கும் இலங்கைப் பதிவில் இருந்தால், அதை நிறைவேற்ற வைக்கும் பொறுப்பு இலங்கை சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபைக்கு. குறித்த கெடுவுக்குள் வேலை முடியாவிட்டால் விமானம் பறக்கக்கூடாது.

இரத்மலானையிலும் கட்டுநாயக்கவிலும் விமானப் பராமரிப்புப் படிக்கிற நம் பிள்ளைகளுக்காகத்தான் முதலில் இதை எழுதுகிறேன். சட்டத்தைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிடுகிறார்கள், அது சரி. ஆனால் எச்சரிக்கை ஏற்கெனவே கையில் இருந்தும் விமானங்கள் தீப்பிடித்திருக்கின்றன. எழுதப்பட்டதற்கும் என்ஜினில் உண்மையில் நடந்ததற்கும் இடையில் எங்கே ஓட்டை விழுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

"ஏ.டி. இன்னும் வரவில்லையே"

அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. உற்பத்தியாளர் அனுப்புவது சேர்விஸ் புல்லட்டின், அது பரிந்துரை. அதிகாரசபை கட்டளையாக்கும்போதுதான் அது சட்டம். பாடப்புத்தகப்படி இந்த வேறுபாடு சரியானது. ஆனால் தீக்கு இந்த வேறுபாடு தெரியாது.

2016 ஜூன் 27 அதிகாலை சிங்கப்பூரிலிருந்து மிலானுக்குக் கிளம்பிய சிங்கப்பூர் எயார்லைன்ஸ் 368ஐப் பாருங்கள். போயிங் 777, 241 பேர். நடுவழியில் வலது என்ஜினின் ஒயில் காட்டிகள் வழக்கத்துக்கு மாறாகக் காட்டத் தொடங்கின, பிறகு அதிர்வும் தெரிந்தது. விமானிகள் திரும்பிச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறக்கினார்கள். இறங்கிய கையோடு வலது இறக்கை தீப்பற்றியது.

காரணம் சிறியது. என்ஜினில் சூடான ஒயிலும் குளிர்ந்த எரிபொருளும் மெல்லிய குழாய்களின் இரு பக்கங்களிலும் ஓடி வெப்பத்தை மாற்றிக்கொள்ளும் ஒரு பாகம் உண்டு. அதில் ஒரு குழாயில் வெடிப்பு விழுந்திருந்தது. எரிபொருள் ஒயிலுக்குள் புகுந்து, என்ஜின் முழுக்கப் பரவி, வெளியே கசிந்து, சூடான உலோகத்தில் பட்டுப் பற்றிக்கொண்டது. அந்தப் பாகத்தைப் பற்றி உற்பத்தியாளரின் புல்லட்டின் ஏற்கெனவே வந்திருந்தது. அடுத்த தடவை என்ஜின் வேர்க்ஷொப்புக்குப் போகும்போது செய்தால் போதும் என்று அதில் இருந்தது. இந்த என்ஜினோ புல்லட்டின் வந்த பிறகு வேர்க்ஷொப் பக்கமே போகவில்லை. யாரும் விதியை மீறவில்லை, ஆனாலும் இறக்கை எரிந்தது.

ஆகவே எரிபொருள், ஒயில், சூடான காற்று, இந்த மூன்றில் ஒன்றைத் தொடும் புல்லட்டின் வந்தால் "கட்டாயமா?" என்ற கேள்வியோடு கோப்பை மூடக்கூடாது. வேர்க்ஷொப் திகதி எவ்வளவு தூரம், அதுவரை இந்தப் பாகம் தாங்குமா, இடையில் வேறு பரிசோதனை வைக்கலாமா என்று உட்கார்ந்து பேச வேண்டும்.

எண்ணிக்கையில் விடும் பிழை

விமானத்தின் பதிவெண்ணை மட்டும் பார்த்து "இதற்கு இந்த ஏ.டி. பொருந்தாது" என்று எழுதிவிடுவது ஆபத்தான பழக்கம். என்ஜின்கள் இடம் மாறுகின்றன. ஒரு விமானத்தில் இருந்தது இன்னொன்றுக்குப் போகும், அவசரத்துக்கு வெளியிலிருந்து வாடகைக்கும் வரும். என்ஜினுக்கான ஏ.டி. அந்த என்ஜினின் தொடரிலக்கத்தோடு போகும். சில கட்டளைகள் உள்ளேயிருக்கும் ஒரு தட்டின் இலக்கத்தோடு போகும். குத்தகைக்கு வரும் விமானம் என்றால் முந்தைய நாட்டில் செய்த வேலைக்கான ஆதாரம் ஒவ்வொன்றாகக் கைக்கு வர வேண்டும். "முடிந்தது" என்று ஒரு பட்டியலில் டிக் போட்டிருப்பது ஆதாரமாகாது.

அப்புறம் கெடு. பறப்பு மணித்தியாலம், பறப்புத் தடவை, நாட்காட்டி என்று மூன்று அளவுகளில் எது முதலில் வருகிறதோ அதற்குள் முடிக்கச் சொல்லும் கட்டளைகள் ஏராளம். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு தடவை. கொழும்பிலிருந்து லண்டனுக்குப் போகும் விமானம் ஒரே தடவையில் பதினொரு மணித்தியாலம் அளவில் சேர்த்துவிடும். சென்னை, திருச்சி, மாலே என்று ஓடும் சிறிய விமானம் ஒரே நாளில் நாலு தடவை ஏறி இறங்கும், மணித்தியாலம் மட்டும் மெதுவாகக் கூடும். நமது குறுந்தூர விமானங்களை மணித்தியாலத்தை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் கெடு எப்போதோ தாண்டியிருக்கும். புதிதாகத் திட்டமிடல் பிரிவுக்கு வருபவர்கள் இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும்தான் சுழலும் பாகங்கள் சூடாகி, இழுபட்டு, பிறகு ஆறி அடங்குகின்றன. வெடிப்பு வளர்வது அந்தத் தடவைகளில்.

ஒரு வொஷர்

திருத்தம் செய்யும்போதே புதிதாக ஒரு ஆபத்தை உண்டாக்கிவிடுவது எல்லாவற்றிலும் மோசமானது. 2007 ஓகஸ்ட் 20 அன்று சைனா எயார்லைன்ஸின் போயிங் 737-800 ஒன்று ஜப்பானின் ஒகினாவாவில், நஹா விமான நிலையத்தில் பத்திரமாக இறங்கி, தரிப்பிடத்துக்கும் வந்து நின்றது. நின்ற இடத்திலேயே எரிந்து போனது. இருந்த 165 பேரும் தப்பியது பெரிய விடயம்.

இறக்கையின் முன்விளிம்பில் நீண்டு சுருங்கும் தகடுகள் இருக்கின்றன, ஸ்லாட் என்பார்கள். அதன் தண்டவாளம் அளவுக்கு மீறி வெளியே போகாமல் தடுக்க, முனையில் ஒரு போல்ட், நட், வொஷர் கொண்ட சிறிய பூட்டு இருக்கும். அந்த நட் கழன்றுவிடக்கூடும் என்று போயிங் ஏற்கெனவே ஒரு கடிதம் அனுப்பியிருந்தது: நட்டைக் கழற்றி, ஒட்டும் திரவம் பூசி, திரும்ப முடுக்கு. விபத்துக்கு ஒன்றரை மாதம் முன்பு அந்த வேலை நடந்தது. அப்போதுதான் நட் பக்கத்து வொஷர் விழுந்திருக்க வேண்டும் என்று ஜப்பானிய விசாரணை முடிவுக்கு வந்தது. கை நுழையவே கஷ்டமான, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இடம். நட்டை விடத் துளை பெரியது, வொஷர்தான் அதைத் தாங்கிப் பிடித்திருந்தது. வொஷர் இல்லாத பூட்டு நழுவி விழுந்தது. இறங்கிய பின் ஸ்லாட் உள்ளே சுருங்கும்போது தண்டவாளம் அந்தப் போல்ட்டைத் தள்ளி எரிபொருள் தாங்கிக்குள் ஓட்டை போட்டது. எரிபொருள் வலது என்ஜினின் சூட்டில் வடிந்தது.

சில நாட்களுக்குள் எஃப்.ஏ.ஏ. அவசர ஏ.டி. வெளியிட்டது.

நட் கழன்றுவிடக்கூடாது என்று செய்த வேலையிலேயே வொஷர் விழுந்தது என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது. இந்த வேலையைச் செய்கிறவர்கள் கழற்றிய ஒவ்வொரு துண்டையும் தட்டில் வரிசையாக வைத்து, படத்தோடு ஒப்பிட்டு எண்ணி, திரும்பப் பூட்டும்போது தட்டு காலியா என்று பார்க்க வேண்டும். தெரியாத இடத்துக்குக் கண்ணாடியோ, குழாய்க் கமெராவோ கொண்டுபோக வேண்டும். இரண்டாவது ஆள் வந்து பார்ப்பது என்றால் அவர் புதிதாகப் பார்க்க வேண்டும், முதல் ஆள் சொன்னதைக் கேட்டுக் கையெழுத்து வைக்கக்கூடாது.

லண்டன் ஹீத்ரோவில் 2013 மே 24 அன்று நடந்ததும் கைவேலைதான். பிரிட்டிஷ் எயார்வேஸின் எயார்பஸ் ஏ319, 80 பேர். முந்தைய இரவு என்ஜின்களின் மூடிகளைத் திறந்து வேலை செய்த இருவர், ஒயில் ஊற்றும் கருவி எடுத்து வரப் போனார்கள். மூடிகள் கொளுவிகள் போடாமல் விடப்பட்டிருந்தன. திரும்பி வந்தபோது அவர்கள் போனது வேறு விமானத்துக்கு. அங்கே மூடிகள் ஒழுங்காகப் பூட்டியிருந்தன, யாரோ பூட்டிவிட்டார்கள் என்று நினைத்தார்கள். காலையில் உண்மையான விமானம் மேலே எழும்பியதும் இரண்டு என்ஜின்களின் மூடிகளும் பிய்ந்து பறந்தன. வலது என்ஜினின் எரிபொருள் குழாய் ஓட்டையாகித் தீப்பிடித்தது.

இந்தக் கொளுவிகள் என்ஜினின் அடிவயிற்றில், தரைக்கு மிக அருகில் இருக்கின்றன. நடந்துகொண்டே பார்த்தால் தெரியாது. குனிந்து, தேவைப்பட்டால் முழங்காலிட்டுப் பார்த்தால்தான் கொளுவியின் நாக்கு வெளியே தொங்குகிறதா என்று தெரியும். இதற்காகப் பின்னர் ஈயாசா விதித்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது: முன் கொளுவியைத் திறக்க ஒரு சாவி, அதில் ஒரு சிவப்புக் கொடி. கொளுவி சரியாகப் பூட்டினால் ஒழியச் சாவியை உருவ முடியாது. சாவியின் இடம் விமானியின் அறை. அங்கே சாவி இல்லாவிட்டால் கீழே கொளுவி திறந்திருக்கிறது என்று அர்த்தம். மனிதருடைய ஞாபகத்தை நம்பாத திருத்தம் அது. ஆனால் மாற்றம் செய்யாத என்ஜினும் வேறு வகை என்ஜினும் நம் கைக்கு வரும், ஆகவே குனிந்து பார்க்கும் பழக்கம் போகக்கூடாது. வேலையை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வந்ததும் முதலில் பதிவெண்ணை வாசிக்க வேண்டும்.

பார்த்ததை "ஒன்றுமில்லை" என்று எழுதுவது

2018 பெப்ரவரி 13 அன்று ஹொனலூலுவை நோக்கி வந்த யுனைட்டட் 1175 விமானத்தின் என்ஜினில் விசிறி அலகு ஒன்று, அதாவது முன்னால் சுழலும் தகடுகளில் ஒன்று, உடைந்தது. உள்ளே வெற்றிடமான டைட்டேனியம் அலகு அது. 2010இலும் 2015இலும் வெப்பப் படப் பரிசோதனையில் அதே அலகில் ஒரு அடையாளம் தெரிந்திருக்கிறது. பெயின்ட் குறை என்று ஒதுக்கிவிட்டார்கள். அதன் பின் 2019இல் 6,500 தடவைகளுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்று ஏ.டி. வந்தது. 2021 பெப்ரவரி 20 அன்று டென்வரில் எழும்பிய யுனைட்டட் 328இல், கடைசிப் பரிசோதனைக்குப் பின் 2,979 தடவைகள் மட்டுமே பறந்திருந்த அலகு உடைந்து, என்ஜின் வீடுகளுக்கு மேலே எரிந்துகொண்டு வந்தது. மூன்றே நாளில் அவசர ஏ.டி. வந்தது. கெடுவுக்குப் பாதி தூரம் கூடப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். கெடு என்பது அன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் போட்ட எல்லை. அதற்கு முன்பே சந்தேகமான ஒரு கோடு கண்ணில் பட்டால் அதன் காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை கையெழுத்து வைக்கக்கூடாது.

வெல்டிங்கும் அப்படித்தான். 1985 ஓகஸ்ட் 22 அன்று மன்செஸ்டரில் போயிங் 737 ஒன்று ஓடுபாதையில் ஓடும்போதே எரிந்து 55 பேர் இறந்தார்கள். இடது என்ஜினின் ஒன்பதாம் எரிகலன் பிளந்து, அதன் துண்டு இறக்கையிலுள்ள எரிபொருள் தாங்கியின் மூடியை உடைத்தது. அந்த எரிகலன் முன்பு வெடிப்பு விழுந்து, வெல்டிங் செய்து திருத்தப்பட்டது. வெடிப்பு மறைந்துவிட்டால் பலம் திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. கையேட்டில் வெல்டிங்குக்கு முன்னும் பின்னும் சொல்லியிருக்கும் வெப்பப் பதப்படுத்தல் முதலிய ஒவ்வொரு படியும் திருத்தத்தின் பகுதி.

என்ஜினுக்குள் தீயணைக்கும் மருந்தைப் பீச்சும் போத்தல்களைப் பற்றி ஒரு வரி. நிறை, போத்தலைத் திறந்துவிடும் சிறிய வெடிமருந்தின் காலாவதித் திகதி இரண்டையும் பார்ப்பார்கள், வயர் எந்தப் பக்கம் போகிறது என்பதை மறப்பார்கள். 2013 ஓகஸ்டில் ஜப்பானின் ஏ.என்.ஏ. நிறுவனத்தின் 787 விமானங்களில், ஒரு என்ஜினுக்கு அழுத்தினால் மற்ற என்ஜினுக்கு மருந்து போகும்படி வயர் மாறியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது.

பயணிகளுக்கு

தொழில்நுட்பக் காரணம் என்று சொல்லி விமானம் தாமதமானால் புறப்படும் வாசலில் நிற்கும் ஊழியரிடம் சத்தம் போடாதீர்கள். கீழே ஒருவர் கொளுவியைப் பார்த்துக்கொண்டோ, கெடு முடியும் பாகத்தை மாற்றிக்கொண்டோ இருக்கலாம். அவரை அவசரப்படுத்தும் அழுத்தம் அந்த வாசலில்தான் தொடங்குகிறது.

தீ தெரிந்தவுடன் தானாகக் கதவைத் திறக்கப் பாய்வது பெரிய தவறு. 2016 ஒக்டோபர் 28 அன்று சிக்காகோவில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் 383இன் வலது என்ஜின் வெடித்து எரிந்தபோது, இடது என்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கையில் இறங்கிய ஒருவர் அதன் காற்றில் தூக்கி வீசப்பட்டுக் கடுமையாகக் காயப்பட்டார். சாங்கியில் பயணிகள் இருக்கையிலேயே இருந்து, தீ அணைந்த பிறகு படியால் இறங்கினார்கள், ஒருவருக்கும் காயமில்லை. எந்தப் பக்கம், எப்போது என்பதை விமானக் குழுதான் சொல்லும். இறங்கு என்று சொன்னால் பையை விட்டுவிட்டு இறங்குங்கள். மன்செஸ்டரில் பெரும்பாலானோரைக் கொன்றது புகை, அதற்கு நேரமே தேவைப்படவில்லை.

சன்னலோரம் இருக்கும்போது என்ஜின் மூடி ஆடுவதோ, இறக்கைக்கடியில் ஏதோ வடிவதோ தெரிந்தால், மூடி எது, எந்தப் பக்கம் என்று தெளிவாகப் பணியாளரிடம் உடனே சொல்லுங்கள். பேசாமல் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். தமிழில் சொன்னாலும் பரவாயில்லை, அதைக் கையால் காட்டுங்கள்.